அல்சேஷன் குட்டி வேண்டும் (சுங்கை சிப்புட்)

சிப்புட்_மகள்:
வணக்கம். எங்கள் ஜெர்மன் ஷெப்பர்ட் (அல்சேஷன்) போன மாதம் தவறிவிட்டது. ஆண், 9 வயது. அம்மா இன்னும் சாயங்காலமானால் அதன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டுத் திரும்பி வருகிறார். அதே ஜாதியில் ஒரு குட்டி சீக்கிரம் வேண்டும். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) கடைக்கோடி வீடு, பக்கவாட்டில் சிமெந்து முற்றம், இரும்புக் கூண்டு இருக்கிறது. ஃபேஸ்புக்கில் ஒருவர் 6 வாரக் குட்டி இருப்பதாகவும், முன்பணம் கட்டினால் வீட்டுக்கே அனுப்புவதாகவும் சொல்கிறார். கட்டலாமா?

லயம்_எட்டு:
கட்டாதீங்க.

சங்கிலி:
தங்கச்சி, மேலே சொன்னவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், சரிதான். 6 வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது, 8 வாரம் ஆகணும். கூடப் பிறந்ததுகளைக் கடித்து, திருப்பிக் கடி வாங்கித்தான் எவ்வளவு அழுத்தலாம் என்று குட்டி பழகும். சீக்கிரம் பிரித்த குட்டி உங்கள் கையில் பழகும், அந்தப் பல்லுக்கு அளவே இருக்காது.

இரண்டாவது, ‘அனுப்பி வைக்கிறேன்’ என்பவர் தாயைக் காட்டமாட்டார். இந்த ஏமாற்று வேலைக்கு ஒரு படிவரிசை உண்டு. முதலில் முன்பணம், அப்புறம் ‘லோரிக்காரன் கூண்டு வாடகை கேட்கிறான்’, அப்புறம் ‘வழியில் சோதனை, தடுப்பூசிக் காசு கட்டணும்’. குட்டி வராது. சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால், தாய் குட்டிக்குப் பால் கொடுக்கும்போது பக்கத்தில் உங்கள் பெயரும் இன்றைய தேதியும் எழுதிய தாளை வைத்து வீடியோ கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்று பாருங்கள்.

மருந்துப்பெட்டி:
முன்பணப் பேச்சு இருக்கட்டும்மா. பழையது எதனால் போச்சு? அது தெரியாமல் அடுத்த குட்டியைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை. எத்தனை வாரம் காத்திருக்கணும், வீட்டில் எதைக் கழுவணும், எந்தத் தாய் தகப்பன் குட்டியை வாங்கணும், மூன்றையும் அந்தக் காரணம்தான் முடிவு செய்யும். வயசாகி இடுப்பு விழுந்தால் ஒரு கணக்கு, பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வைரஸ் வயிற்றுப்போக்கு) என்றால் வேறு கணக்கு.

சிப்புட்_மகள்:
அக்கா, மூக்கில் ரத்தம் வந்தது. ஈறு வெளுத்துப்போனது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு 18 ஆயிரம்தான் இருந்தது. உண்ணிக் காய்ச்சல் என்றார்கள். டாக்சிசைக்ளின் ஆரம்பித்து மூன்றாவது வாரத்தில் போய்விட்டது.

மருந்துப்பெட்டி:
ஆரோக்கியமான நாய்க்குத் தட்டணு 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை இருக்கணும். 18 ஆயிரத்தில் மூக்கில் ரத்தம் வந்தது என்றால் பெரும்பாலும் உண்ணி பரப்பும் எர்லிக்கியா கேனிஸ் கிருமி, அதுவும் உள்ளே நாள்பட்டு எலும்பு மஜ்ஜை வரைக்கும் போன கட்டம். டாக்சிசைக்ளின் கிலோவுக்கு 10 மில்லிகிராம், 28 நாள் என்பதுதான் வழக்கமான அளவு. ஆனால் மஜ்ஜை காய்ந்த பிறகு ஆரம்பித்தால் பல நாய்களுக்கு அது கை கொடுப்பதில்லை. நீங்கள் கவனிக்காமல் விட்டதாக நினைக்கவேண்டாம். இந்த நோயில் காய்ச்சல் வந்து தானே தணிந்ததுபோல் ஆகி, மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாமல் கிடக்கும்.

ஒன்று முக்கியம். இந்தக் கிருமி எல்லா நாயையும் பிடிக்கும், ஆனால் ஜெர்மன் ஷெப்பர்டை அடிப்பதுபோல் மற்றதை அடிக்காது. ரத்தம் கசியும் அதன் கொடிய வடிவம் நம் பக்கத்தில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 1963இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நாய்கள் இப்படி ரத்தம் கசிந்து செத்தன. பிறகு வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவம் 150-க்கு மேல் நாய்களை இதே நோயில் இழந்தது, பெரும்பாலும் ஷெப்பர்ட். ஆகவே அதே ஜாதியை அதே கூண்டுக்குக் கொண்டுவருவதென்றால், குட்டிக்கு முன்னால் சுவரைப் பாருங்கள்.

லயம்_எட்டு:
சுவரையா? நாய் போச்சு, உண்ணியும் பட்டினி கிடந்து செத்திருக்கும். இன்னும் ரெண்டு மாசம் விட்டால் தானா சரியாப்போகும்.

மருந்துப்பெட்டி:
அதுதான் நடக்காது. பழுப்பு நாய் உண்ணி நாய்மேல் இருப்பது கொஞ்ச நாள், மிச்ச நாளெல்லாம் சுவரில். ரத்தம் குடித்து நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவரேறி வெடிப்புக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும், 4,000 வரை போகும். நம் வெயிலில் முட்டையிலிருந்து மறுபடி முட்டை வரை இரண்டு மூன்று மாதம் போதும். சாப்பாடு இல்லாமலும் தாங்கும்: வளர்ந்த உண்ணி ஒரு வருஷத்துக்கு மேலேயே பட்டினி கிடக்கும். பட்டினி போட்டுக் கொல்வது என்று நாம் நினைக்கும் காலத்தில் அது காத்துக்கொண்டுதான் இருக்கும். புதுக் குட்டி வந்து படுத்த முதல் ராத்திரி எல்லாம் இறங்கி வரும். கடித்துச் சில மணி நேரத்திலேயே கிருமி ஏறிவிடும்.

கூண்டுக்காரன்:
சுவர் வேலை என் பக்கம், நான் சொல்றேன்.

பகலில் தேடினால் ஒன்றும் தெரியாது. ராத்திரி 10 மணிக்கு மேல் டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடிங்க, நேராக அடிக்காதீங்க. வெடிப்பின் உதட்டில், கதவுச் சட்டத்துக்குப் பின்னால், கூரைத் தகரம் சுவரில் உட்காரும் இடத்தில், மின்சாரப் பெட்டிக்கு அடியில் பாருங்க. சின்னது எள்ளு மாதிரி இருக்கும். குடித்து வீங்கினது சாம்பல் நிறத்தில், சின்ன ஆமணக்குக் கொட்டை மாதிரி. தரையில் தேடி ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகிறவர்கள்தான் அதிகம். இந்த உண்ணி மேலே ஏறும் சாதி, தலைக்கு மேலேயும் பாருங்க.

பழைய படுக்கைப் பலகை, சாக்கு எல்லாவற்றையும் எடுத்து எரிங்க. டயர் படுக்கையாக இருந்தால் தூக்கிப் போடுங்க, டயரை எரிக்கவேண்டாம். சுவர் வெடிப்பிலும் தரை மூலையிலும் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுங்க. காய்ந்த பிறகு சைபர்மெத்ரின் அல்லது டெல்டாமெத்ரின், போத்தலில் போட்டிருக்கிற அளவுக்குத் தண்ணீரில் கலந்து, தோளில் மாட்டும் பம்பில் மெதுவான அழுத்தத்தில் அடிக்கணும். வேகமாக அடித்தால் மருந்து தெறித்து ஓடும், வெடிப்புக்குள் இறங்காது. தரையிலிருந்து கூரை வரை. முட்டை மருந்துக்கு அசையாது, அதனால் 2 முதல் 3 வாரம் கழித்துப் பொரித்ததைப் பிடிக்க இரண்டாவது முறை, அதே இடைவெளியில் மூன்றாவது முறை. ஒரே தடவை அடித்துவிட்டு ‘மருந்து வேலை செய்யலை’ என்கிறவர்கள் பாதிப் பேர் இரண்டாவது முறையை அடிக்காதவர்கள்.

வெடிப்பை சிமெந்து வைத்து அடைப்பது மருந்தடித்த பிறகுதான். முன்னாலேயே அடைத்தால் அடுத்த வெடிப்பு வழியாக வந்து உட்காரும். பூனை இருந்தால் மருந்து நன்றாகக் காயும்வரை வீட்டுக்குள் பூட்டுங்க, இந்த வகை மருந்து பூனைக்கு விஷம். மீன் தொட்டி இருந்தால் மூடி வைங்க.

லயம்_எட்டு:
தோட்டத்தில் அடிக்கிற மலாத்தியான் கொஞ்சம் நாய்மேலேயே தடவிவிட்டால் முடிஞ்சது. இல்லன்னா மண்ணெண்ணெய்.

பழைய_மண்டோர்:
தம்பி, அதை எழுதி வைக்காதே, யாராவது செஞ்சிடுவாங்க. மலாத்தியானை நாய் நக்கினால் எச்சில் வடிந்து, உடம்பு நடுங்கி, மூச்சு முட்டும். மண்ணெண்ணெய், கார் எண்ணெய் தோலை வேகவைத்துவிடும். தோட்டத்து ஸ்டோர் மருந்து தோட்டத்துக்கு. நாய்மேல் வைப்பது நாய்க்கென்று போட்ட மருந்து மட்டும்.

சிப்புட்_மகள்:
நன்றி ஐயா. அப்படியென்றால் குட்டிக்கு எப்போதிலிருந்து உண்ணி மருந்து கொடுக்கலாம்?

மருந்துப்பெட்டி:
8 வாரம் ஆகி, எடை 2 கிலோ தாண்டியிருந்தால் மெல்லும் மாத்திரை கொடுக்கலாம், ஷெப்பர்ட் குட்டி அந்த எடையை எப்போதோ தாண்டியிருக்கும். அஃபோக்ஸோலனர் மாதத்துக்கு ஒன்று, ஃப்ளூராலனர் 8 முதல் 12 வாரத்துக்கு ஒன்று, பழுப்பு நாய் உண்ணிக்கு எத்தனை வாரம் என்று பெட்டியில் பாருங்கள். வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லணும். மாத்திரை, கடித்த உண்ணியைத்தான் கொல்லும். கடிக்கவே விடாமல் விரட்ட ஃப்ளூமெத்ரின் கலந்த கழுத்துப்பட்டை இருக்கிறது, எர்லிக்கியா வந்துபோன வீட்டுக்கு இரண்டையும் சேர்த்து வைப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எடைக்கேற்ற மாத்திரை வாங்கணும், பெரிய மாத்திரையைக் கத்தியால் பாதியாக்கிக் கொடுக்கவேண்டாம்.

கையில் அகப்பட்ட உண்ணியை நகத்தால் நசுக்கவேண்டாம். இடுக்கியில் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள்.

பழைய_மண்டோர்:
தோட்டத்தை ஒட்டிய வீடு என்கிறாயேம்மா, உண்ணியை மட்டும் பார்த்தால் போதாது. செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருந்தால் இரண்டு சங்கடம்.

ஒன்று எலி மருந்து. மரத்தடியில் வைக்கிற மெழுகுக் கட்டி. நீலமோ சிவப்போ, நிறத்தைப் பார்த்து என்ன மருந்தென்று சொல்ல முடியாது, பேர் பெட்டியில்தான் இருக்கும். பெரும்பாலும் ரத்தம் உறையாமல் செய்கிற வகை. நாய் தின்னால் அன்றைக்கு நன்றாக ஓடும், 3 முதல் 5 நாள் கழித்துத்தான் சோர்ந்து, ஈறு வெளுத்து, மூச்சு வாங்கும். உண்ணிக் காய்ச்சல் மாதிரியே தெரியும், அங்கேதான் குழப்பம். தின்றதைப் பார்த்தால் ‘நல்லாத்தானே இருக்கு’ என்று காத்திருக்காதே, கட்டியின் மிச்சத்தையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அதே மணி நேரத்தில் போகணும். வாந்தி எடுக்க வைப்பது, வைட்டமின் கே1 கொடுப்பது எல்லாம் மருத்துவர் வேலை. கே1 மூன்று நாலு வாரம் ஓடும். தோட்டத்தின் எந்தப் பகுதியில் எப்போது கட்டி வைக்கிறார்கள் என்று மண்டோரிடமோ (மேஸ்திரி) கிராணியிடமோ (கணக்கர்) முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள். ஆந்தைக் கூடு வைத்து எலி பிடிக்கிற தோட்டமாக இருந்தால் உனக்குக் கொஞ்சம் நல்லது.

இரண்டாவது எலிச் சிறுநீர். மழை பெய்தால் கால்வாய்த் தண்ணீரில் வரும். ராத்திரி சோற்றுத் தட்டை வெளியே விடாதே, தண்ணீர்ப் பாத்திரத்தைக் காலையில் கழுவி ஊற்று.

மருந்துப்பெட்டி:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எலிச் சிறுநீரால் வரும் லெப்டோ நோய்க்குத் தடுப்பூசி முதலில் இரண்டு ஊசி, 2 முதல் 4 வாரம் இடைவெளியில். பிறகு வருஷத்துக்கு ஒன்று. டிஸ்டெம்பர், பார்வோ ஊசி 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்றாக, கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ விழணும். 12 வாரத்தில் ‘முடிந்துவிட்டது’ என்று நிறுத்தினால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்யவிடாமல் தடுத்திருக்கலாம், குட்டி வெறுமையாக நிற்கும். இதயப்புழு மருந்து மாதா மாதம், கொசு இருக்கிற ஊர்.

பார்வோவில் நாய் இழந்தவர்கள் யாராவது இதைப் படித்தால்: டெட்டால் வேலைக்காகாது. குளோராக்ஸ் (ப்ளீச்) 1 பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு, முதலில் சோப்பு போட்டு அழுக்கை எடுத்துவிட்டு ஊற்றி 10 நிமிஷம் ஊறவிடணும். புல்தரையைக் கழுவ முடியாது, அங்கே கிருமி ஒரு வருஷம்கூட இருக்கும், அதனால் ஊசி முடிந்த வளர்ந்த நாயாகக் கொண்டுவருவது நல்லது.

சிப்புட்_மகள்:
சரி, சுவர் முடிய எப்படியும் இரண்டு மாதம் ஆகும். அதற்குள் குட்டியைத் தேடலாம். எதைப் பார்த்து வாங்குவது? ‘எம்கேஏ சான்றிதழ் இருக்கு’ என்றால் போதுமா?

சங்கிலி:
போதாது. மலேசியன் கென்னல் அசோசியேஷன் சான்றிதழ் சொல்வது யாருக்கு யார் பிறந்தது என்பதை மட்டும். இடுப்பு நல்லதா என்று அது சொல்லாது. சான்றிதழில் உள்ள மைக்ரோசிப் எண்ணை, 15 இலக்கம், குட்டியின் கழுத்தில் கருவி வைத்துப் படித்து ஒத்துப்போகிறதா பாருங்கள். கருவி இல்லை என்றால் மருத்துவரிடம் கொண்டுபோய்ப் படித்த பிறகு காசு.

இடுப்புக்குத் தாய் தகப்பனின் எக்ஸ்ரே முடிவு வேண்டும். எஃப்சிஐ (உலக நாய்ச் சங்கம்) முறையில் ஏ, பி, சி, டி, ஈ. ஏ, பி என்றால் நிம்மதி, சி ஏற்றுக்கொள்ளலாம், டி, ஈ வளர்ப்புக்கு விடக்கூடாத இடுப்பு. ஜெர்மனியின் எஸ்வி சங்கத்துக் காகிதமாக இருந்தால் ‘நொர்மால்’, ‘ஃபாஸ்ட் நொர்மால்’, ‘நோக் சுகெலாசன்’ என்று இருக்கும், முறையே ஏ, பி, சிக்கு நேர். ‘ஃபாஸ்ட்’ என்றால் ஜெர்மன் மொழியில் ‘ஏறக்குறைய’ என்று அர்த்தம், வேகம் இல்லை. முழங்கைக்கு 0 முதல் 3 வரை, 0தான் வேண்டும். எஸ்வி எக்ஸ்ரே 12 மாதத்துக்கு முன் எடுப்பதில்லை. ஆகவே ‘குட்டிக்கே இடுப்பு பார்த்துட்டோம்’ என்று 8 வாரக் குட்டியைக் காட்டுபவர் பொய் சொல்கிறார்.

டிஎம் என்று ஒரு முதுகுத்தண்டு நோய், எட்டு ஒன்பது வயதில் பின்னங்கால் இழுபடும், மருந்து கிடையாது. மரபணுச் சோதனை உண்டு. தாய் தகப்பன் இரண்டு பேரும் சுத்தமாக (அந்த மரபணு இல்லாமல்) இருந்தால் நல்லது. ஒருவர் சுமப்பவராக (அந்த மரபணு ஒரு பங்கு மட்டும் உள்ளவராக) இருந்தால் மற்றவர் சுத்தமாக இருக்கணும். இரண்டு பேரும் சுமப்பவர்கள் என்றால் நான் திரும்பி வந்துவிடுவேன்.

‘நீல நிறம்’, ‘ஈரல் நிறம்’, ‘வெள்ளை ஷெப்பர்ட், அபூர்வம்’ என்று கூடுதல் விலை கேட்பார்கள். ஜாதி அளவுகோல்படி வெள்ளை தகுதி இல்லாத நிறம், அபூர்வத்துக்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை. ஆண் 60 முதல் 65 சென்டிமீட்டர், 30 முதல் 40 கிலோ. பெண் 55 முதல் 60, 22 முதல் 32 கிலோ. ‘50 கிலோ வரும் கிங் சைஸ்’ என்றால் இடுப்புக்குச் சுமை கூட.

லயம்_எட்டு:
குட்டியைப் பார்க்கும்போது எதைக் கவனிக்கணும்? வாலை ஆட்டிக்கிட்டு நம்ம பின்னால ஓடிவர்ற குட்டிதானே நல்ல குட்டி?

சங்கிலி:
முதலில் தாய். அது குட்டிகளை விட்டு விலகி ஓடி ஒளிந்தாலோ, உறுமுவதோடு நிற்காமல் பல்லைக் காட்டினாலோ குட்டியைப் பார்க்கவே வேண்டாம். பிறகு கொத்துச் சாவியைக் குட்டிக்கு இரண்டடி தள்ளிச் சிமெந்தில் போடுங்கள். திடுக்கிடுவது குற்றமில்லை. சில நொடியில் மீண்டு வந்து முகர்கிறதா என்பதுதான் கேள்வி. மூலையில் போய் நடுங்கியே நிற்பது வேண்டாம். எல்லோர் மேலும் முதலில் பாய்ந்து ஏறுவது அம்மா தனியாக நிர்வகிக்கும் வீட்டுக்குக் கஷ்டம். நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஆண் குட்டியில் இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா, கடிவாய் கத்தரிபோல் பொருந்துகிறதா, தொப்புளில் குடலிறக்கம் இல்லையா பாருங்கள். காது எழாததற்குக் கவலைப்படாதீர்கள். பல் மாறும் 4, 5 மாதத்தில் எழுந்த காதும் விழும், மறுபடி எழும். அதற்காகக் கால்சியம் வேண்டாம்.

மருந்துப்பெட்டி:
கால்சியத்தை அழுத்திச் சொல்கிறேன். பெரிய ஜாதிக் குட்டி உணவில் கால்சியம் உலர் எடையில் 1.8 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. நல்ல பெரிய ஜாதிக் குட்டி உணவுப் பையில் அது சரியாகவே இருக்கும். அதன் மேல் முட்டை ஓடு, பவுடர் எல்லாம் போட்டால் எலும்பு வளரும் வேகம் கெட்டு, முழங்கை, இடுப்பில் வெளிப்படும். மீன் சோறு மட்டும் போட்டால் நேர்மாறாகக் கால்சியம் போதாது. குழம்பில் வெங்காயம் இருந்தால் நாய்க்கு வேண்டாம், சமைத்த கோழி எலும்பும் வேண்டாம். விலா எலும்பு கையில் தடவினால் தட்டுப்படணும், கண்ணுக்குத் தெரியக்கூடாது.

கருத்தடை பற்றி: 1 வயதுக்கு முன் செய்த ஆண் ஷெப்பர்டில் மூட்டுக் கோளாறு சுமார் 21 விழுக்காடு, செய்யாததில் சுமார் 7 விழுக்காடு என்று டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வு 2016இல் காட்டியது. அவசரம் வேண்டாம்.

ஒரு கேள்வி சிப்புட்: குட்டிதான் வேண்டுமா? அம்மா வயதுக்கு 2, 3 வயது நாய் ஒன்று சரிவருமா என்று யோசியுங்கள். அதன் இடுப்பை நேரடியாக எக்ஸ்ரேயில் பார்க்கலாம், குணம் ஏற்கெனவே தெரியும்.

சங்கிலி:
அக்கா சொல்வதில் எனக்குப் பாதிதான் சம்மதம். வளர்ந்த ஷெப்பர்டைக் கொடுத்துவிடுகிறார்கள் என்றால் காரணம் இருக்கும். காரணத்தைக் கேட்டு எழுதி வாங்கணும்.

மருந்துப்பெட்டி:
வாங்கட்டும். அதோடு ரத்தப் பரிசோதனை: எர்லிக்கியா, அனாபிளாஸ்மா (இன்னொரு உண்ணிக் கிருமி), இதயப்புழு மூன்றையும் ஒரே தடவையில் பார்க்கும் அட்டை. எர்லிக்கியா பாசிட்டிவ் வந்தால் உடனே நிராகரிக்கவேண்டாம், குணமான நாயிலும் எதிரணு மாதக்கணக்கில் இருக்கும். தட்டணு எண்ணிக்கையோடும், கிருமியையே தேடும் பிசிஆர் சோதனை முடிவோடும் சேர்த்துப் பார்க்கணும். இன்னொன்று, மலத்தைக் கேளுங்கள். நிறையத் தின்னும், மெலிந்தே இருக்கும், மலம் வெளிறி எண்ணெய்ப்பசையோடு குவியலாகப் போகும் என்றால் கணையம் வேலை செய்யவில்லை. ஷெப்பர்டில் இது அடிக்கடி வரும், வாழ்நாள் முழுக்க என்சைம் பவுடர் போடணும்.

சிப்புட்_மகள்:
வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் இருக்கிறார்களாமே?

சங்கிலி:
ஜெர்மன் ஷெப்பர்ட் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உள்ள ஜாதி, பெல்ஜியன் ஷெப்பர்டும் ரோட்வைலரும் டோபர்மேனும் அதே பட்டியலில். தடை இல்லை, ஆனால் கால்நடைச் சேவைத் துறை அனுமதி இல்லாமல் விமானத்தில் ஏறாது. சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டு நாய்க்கு அந்த வேலை வேண்டாம்.

உரிமம் மறக்காதீர்கள். நம் பக்கம் கோலக் கங்சார் நகராண்மைக் கழகம். வருஷா வருஷம் புதுப்பிக்கணும். பழைய நாய் இறந்ததைச் சொல்லிவிட்டு, உங்கள் மாதிரி வீட்டுக்கு எத்தனை நாய் என்று அங்கேயே கேளுங்கள்.

கூண்டுக்காரன்:
கூண்டை அப்படியே வைத்துக்கொள்ளப் போறீங்களா? 2 மீட்டருக்கு 3 மீட்டராவது இருக்கணும். படுக்கைப் பலகை தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் தூக்கி, கழற்றி எடுக்கிற மாதிரி. மதிய வெயில் எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் மறைப்பு. இரும்புக் குழாய்களின் வாயைப் பாருங்க, அதை யாரும் பார்க்கமாட்டாங்க.

சிப்புட்_மகள்:
இப்போதுதான் டார்ச் எடுத்துப் போனேன் அண்ணே. குழாய் நான்கும் மேலே திறந்துதான் இருக்கிறது. உள்ளே எள் கொட்டினமாதிரி அசைகிறது.

கூண்டுக்காரன்:
அங்கேதான் கூடு. முதலில் நாலு குழாயிலும் கொதிக்கிற தண்ணீர், கீழே வழிகிற இடத்தில் பழைய துணி போட்டு வைங்க, தப்பித்து ஓடுறதையும் அதோடு எரிச்சிடலாம். காய்ந்ததும் பம்பின் முனையைக் குழாய்க்குள் விட்டு மருந்து, கீழ்வாயில் சொட்டும்வரை. மறுநாள் இரண்டு கூறு கலந்து பிசைகிற எப்போக்ஸி களிம்பில் மேல்வாய், கீழ்வாய் எட்டையும் அடைங்க. துணி மட்டும் திணித்தால் போதாது, அது துணிக்குள்ளேயே முட்டை வைக்கும். அடைத்த தேதியைக் குழாயிலேயே மார்க்கர் பேனாவில் எழுதுங்க, அடுத்த முறை மருந்தடிக்க வாரத்தை அங்கிருந்து எண்ணுங்க.